பார்க்க வந்த தீவு

மத்தியதரைக் கடல் தீவுகள், தங்களிடம் ஓய்வெடுக்க வர விரும்புகிறவர்களை முதலில் வீட்டுக்கு வந்து பார்க்கும். பிடித்திருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. குணசீலனையும் வசுமதியையும் பார்க்க வந்த தீவு, ஞாயிற்றுக்கிழமை ராகுகாலத்துக்கு முன்பாகவே திருப்பூரில் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றது.

சின்னத் தீவுதான். கொஞ்சம் வெள்ளை வீடுகள், ஒரு துறைமுகம், ஆலிவ் மரங்கள், இரண்டு ஆடுகள். சுற்றியிருந்த கடலும் கூடவே வந்திருந்தது. "வாங்க, வாங்க" என்று வசுமதி முன்னறைக்கு அழைத்துப்போனாள். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஏறியது. புது உறை போட்ட சோபாவில் தீவு பாந்தமாக உட்கார்ந்துகொண்டது. ஆடுகள் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றுவிட்டன.

வசுமதிக்கு ஊர் சுற்றும் ஆசையெல்லாம் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து தன் புருஷன் சும்மா உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை. சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவர். துணியில் பிசிறு தொங்குவதைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. அதற்காகவே சட்டைப் பையில் ஒரு சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். மணவறையிலேயே அவளுடைய கூறைப்புடவைப் பிசிறை வெட்டியவர் அவர். தாலி கட்டியது அதற்கப்புறம்தான். ஒரே ஒரு பகல், கையில் எந்த வேலையும் இல்லாமல் அந்த மனிதர் தன் பக்கத்தில் உட்கார வேண்டும். திருப்பூரில் அது நடக்காது, தீவில் நடக்கும் என்று அவள் நம்பினாள். அந்த நம்பிக்கையில் கேசரியில் முந்திரியை அள்ளிப் போட்டிருந்தாள்.

தீவு ஒரு பஜ்ஜியை எடுத்துத் துறைமுகத்தில் வைத்துக்கொண்டது. காப்பியை ஆற்றிக் குடித்தது. பிறகு குணசீலனிடம், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றது.

பார்க்க வந்தவர்களிடம் நாலு நல்ல விஷயத்தை எடுத்துவிட வேண்டும் என்பது குணசீலனுக்குத் தெரிந்த முறை. தங்கையைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தபோதும் அவர்தான் பேசினார், உடனே படிந்தது. இப்போதும் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நானுங்க, கம்பெனி ஆரம்பிச்சதுல இருந்து ஒரு நாள் லீவு போட்டதில்லைங்க. காய்ச்சலோட போயி ஷிப்மென்ட் அனுப்பியிருக்கறேன். வசுமதியும் அப்படித்தானுங்க, உக்காரவே மாட்டா. உங்க ஊருக்கு வந்தாலும் சும்மா இருக்க மாட்டோமுங்க. அந்த வீடுகளுக்கெல்லாம் ஒருக்கா வெள்ளையடிச்சுக் குடுத்தர்றோம்."

முன்னறையில் வந்துகொண்டிருந்த அலை பாதியில் நின்றது. தண்ணீர் வற்ற ஆரம்பித்தது.

தீவு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தது. "ஊருக்குப் போய்த் தகவல் சொல்றோம்" என்றது. வெற்றிலை பாக்குத் தட்டை நீட்டினார்கள், தொடவில்லை.

அப்படிச் சொல்லிவிட்டுப் போகிறவர்கள் தகவல் சொல்வதில்லை. அது இருவருக்கும் தெரியும். வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தார்கள். கடலில் பாதி அவசரத்தில் இங்கேயே தங்கிவிட்டது. தோரணத்தைத் தின்று முடிக்காததால் ஆடுகளும் கிளம்பவில்லை.

குணசீலன் தண்ணீரைத் துடைக்க மாப்பை எடுத்துவந்தார். "நல்லாத்தான சொன்னேன்" என்றார்.

"நல்லாத்தான் சொன்னீங்க." வசுமதி சோபாவில் உட்கார்ந்து மிச்சமிருந்த கடலில் கால்களை வைத்தாள். அழுகை வந்தது, அழுதாள்.

"ஏம்புள்ள, தீவு இல்லாட்டிப் போகுது. வால்பாறைப் பக்கம் ஏதாச்சும் மலையை வரச் சொல்லிப் பாக்கலாம்."

"எனக்குத் தீவும் வேண்டாம், மலையும் வேண்டாமுங்க. நீங்க எம்பக்கத்துல சித்த நேரம் உக்காரோணும். அதுக்குத்தான் இத்தனையும்."

அவர் மாப்பைப் பிடித்தபடி நின்றார். இத்தனை வருஷத்தில் அவள் இதைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஏதாவது செய்திருப்பார். ஆனால் வீட்டுக்குள் கடல் துடைக்காமல் கிடக்கும்போது உட்காருவது அவருக்குச் சாதாரணக் காரியமில்லை. மாப்பைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அதை எடுக்காமல் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வேட்டி நுனி நனைந்தது.

அவரால் சும்மா இருக்க முடியவில்லை. கண் அலைந்து அலைந்து கடைசியில் அவள் முந்தானையில் போய் நின்றது.

"பிசிறு தொங்குது" என்றார். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

"தொங்கட்டுமுங்க."

கை வெறுமனே வெளியே வந்தது. அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கைமேல் வைத்தார். கத்தரி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன கை. அதற்கு இவ்வளவு கனம் உண்டு என்று வசுமதிக்கு அன்றுதான் தெரிந்தது. ஜன்னல் வெயில் தண்ணீரில் விழுந்து சுவரில் ஆடிக்கொண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

ஆடுகளைக் கூட்டிப்போகத் தீவு திரும்பி வந்தது. வாசலில் நின்று இரண்டு பேரையும் கொஞ்ச நேரம் பார்த்தது. கூப்பிடவில்லை. சத்தமில்லாமல் உள்ளே வந்து, தட்டிலிருந்த வெற்றிலை பாக்கை எடுத்துத் துறைமுகத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டது. முன்னறைத் தண்ணீர் மறுபடி கணுக்காலுக்கு ஏறியது.

கம்பெனியிலிருந்து போன் அடித்தது. குணசீலன் அசையவில்லை. அது நின்று, மறுபடி அடித்தது. பெரிய ஆடு போய் எடுத்தது.

"அவரு உக்காந்திருக்கறாருங்க" என்று சொல்லிவிட்டு வைத்தது.