கேட்கவும் செய்யும் கேமரா

அயிரூரில் கோசி சாரின் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி, எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில் பின்கதவை உடைத்துத் திருடிவிட்டார்கள். ஊருக்குள் பேச்சு பரவுவதற்கு முன்பே செய்தி கனடாவுக்குப் போய்விட்டது. சார் சோற்றுக்கு உட்காரும்போது மகன் ஜிஜோ ஃபோனில் வந்தான். இந்த வாரமே கேமரா வைத்தாக வேண்டும், அயர்லாந்தில் இருக்கும் தங்கை ஷைனியிடமும் பேசி முடிவெடுத்தாகிவிட்டது என்றான்.

கோசி சார் மின்வாரியத்தில் ஓவர்சீயராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சூசம்மா இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டு வயதில், ஆறு அறை வீட்டில் அவர் ஒருவர்தான். கம்பி சம்பந்தமான வேலையை அவர் வேறு யாரிடமும் ஒப்படைக்க மாட்டார். கோழஞ்சேரியில் அனூப் வைத்திருந்த கேமரா கடைக்குத் தொடர்ந்து மூன்று நாள் போனார்.

அனூப் பொறுமைசாலி. கம்பியில்லாத கேமராவை எடுத்துக் காட்டினால், கரண்டு போய் இண்டர்நெட்டும் போனால் இது எதைப் பிடிக்கும் என்று சார் கேட்பார். ஐப்பசியில் வரும் துலா மாதத்து இடிக்குத் தாங்குமா, மழைச்சாரல் கண்ணாடியில் அடித்தால் தெரியுமா, இருட்டில் ஆள் முகம் தெரியுமா, வெறும் நிழல்தானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில் வெளியே நாலு, எல்லாம் கம்பி போட்டது என்று முடிவாயிற்று. கேட்டுக்கு ஒன்று, போர்ட்டிகோவுக்கு ஒன்று, கிணற்றடிக்கு ஒன்று, ரப்பர் ஷீட் காயப்போடும் பக்கம் ஒன்று. காலை வெயில் நேராக விழாதபடி எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வைக்க வேண்டும் என்பதை சாரே ஏணியில் ஏறிக் காட்டினார்.

உள்ளே கேமரா வேண்டாம் என்பதுதான் அவர் எண்ணம். ஜிஜோ விடவில்லை. போன வருஷம் குளியலறையில் வழுக்கி விழுந்து இரண்டு மணிநேரம் கிடந்ததை ஞாபகப்படுத்தினான். அதற்குமேல் அவரால் மறுக்க முடியவில்லை. ஹாலுக்கு ஒன்று என்று ஒப்புக்கொண்டார்.

அதில் இரண்டு வகை இருந்தது. ஒன்று படம் மட்டும் காட்டும். இன்னொன்றில் அங்கிருந்து பிள்ளைகள் பேசினால் இங்கே கேட்கும்.

"சாரே, பேசறது மட்டும் இல்ல, இது கேக்கவும் கேக்கும். ஹால்ல என்ன பேசினாலும் அங்க போயிடும். படம் மட்டும் காட்டறதே போதும்" என்றான் அனூப்.

"கேட்டா கேக்கட்டும்டா. எங்கிட்ட என்ன ரகசியம் இருக்கு? கொழந்தைங்க சத்தம் அந்த ஹால்ல கேட்டு எத்தன நாளாச்சு" என்றார் சார்.

முதல் மாதம் அவர் எதிர்பார்த்தபடியே நடந்தது. பேரப்பிள்ளைகள் திடீர் திடீரென்று தாத்தாவை "அப்பச்சா" என்று கூப்பிடுவார்கள். சார் எழுந்து போய் கேமராவுக்கு நேரே நின்று சிரிப்பார். ஷைனி ஐந்து நிமிஷமாவது பேசுவாள். பிறகு அது வாரத்துக்கு ஒருமுறை ஆயிற்று, அப்புறம் அதுவும் இல்லை. வெளியே ஏதாவது அசைந்தால் மட்டும் ஜிஜோவின் ஃபோன் வரும். கேட்டில் யார் நின்றது, மீன்காரன் ஏன் பின்பக்கம் போனான், சீட்டு விளையாட இத்தனை பேர் எதற்கு என்று கேட்பான். சீட்டாட வந்துகொண்டிருந்த மூன்று பேரும் நாளடைவில் நின்றுவிட்டார்கள்.

நிற்காமல் வந்தது லீலாமணி மட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள், கல்யாணம் செய்துகொள்ளாதவள். சூசம்மாவின் கடைசி நாலு மாதமும் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள். தினமும் நாலு மணிக்கு வருவாள், சாருக்குப் பிரஷர் பார்ப்பாள், பால் சேர்க்காத கட்டன் சாயா போடுவாள், கண்புரையால் எழுத்து தெரியாத அவருக்குப் பேப்பர் படித்துக் காட்டுவாள். கேமரா வந்த பிறகு அவள் நாற்காலியை அதற்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டாள். அங்கே உட்கார்ந்தால் படத்தில் விழாது. சார் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்வார். அவள் சாவுச் செய்திகள் வரும் சரமப் பத்தியைப் படிப்பாள்.

மிதுன மாதத்தில் மழை வலுத்தது. லீலாமணியின் வாடகை வீட்டில் கூரை ஒழுகி, கட்டிலை நகர்த்திப் போட இடமில்லாமல் இரண்டு இரவு உட்கார்ந்தே கழித்தாள் என்று தெரிந்ததும் சார் பேப்பரை மடிக்கச் சொன்னார்.

"லீலாமணி, இங்க வந்துடு. மாடி பூராவும் சும்மா கெடக்கு. ஊர் வாய்க்கு பயமா இருந்தா ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்து போட்டுக்கலாம். இந்த வயசுல எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். சாயங்காலம் ஆனா நீ எழுந்து போற பாரு, அதுதான் தாங்க முடியல."

அவள் மடித்த பேப்பரின் ஓரத்தை விரலால் நீவினாள். பிறகு, "சாருக்குப் பிள்ளைங்க இருக்காங்க" என்றாள்.

"எங்க? செவுத்துலயா?" என்றார் சார்.

அவள் சிரித்துவிட்டாள். ஓணம் வரைக்கும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனாள். அன்றைக்கு சார் இரவுக் கஞ்சியை ஒரு கிண்ணம் கூடுதலாகக் குடித்தார்.

மூன்றாம் நாள் நாலு மணிக்கு அவள் வந்து செருப்பைக் கழற்றும்போது சுவரிலிருந்து ஜிஜோவின் குரல் வந்தது. கனடாவில் அப்போது விடியற்காலை நாலரை. அப்பாவிடம் பேச நேரமில்லாதவன் இதற்காக விழித்திருந்தான்.

"லீலாமணி சேச்சி, நாளைலேர்ந்து வர வேண்டாம். பிரஷர் பாக்க ஹோம் நர்ஸ் சொல்லியாச்சு. எங்க அப்பாவ வச்சு வீட்டுக்குள்ள நுழையலாம்னு நெனப்பிருந்தா விட்டுடுங்க."

கேமரா வந்த நாளிலிருந்து அன்றுதான் லீலாமணி அதற்கு நேரே வந்து நின்றாள்.

"மோனே, உங்கம்மாவுக்குக் கடைசியா வாயில தண்ணி விட்டது நான். நீ விமானத்துல இருந்த. அன்னிக்கு இந்த கேமரா இல்ல" என்றாள்.

சார் என்னென்னவோ கத்தினார். அவர் கத்தி முடிப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டிவிட்டாள். சார் ஏணியைக் கொண்டுவந்து ஹால் கேமராவின் கம்பியை வெட்டி எறிந்தார். ஒரு மணிநேரத்தில் அனூப் வந்து வாசலில் நின்றான். திரும்ப மாட்டும்படி கனடாவிலிருந்து சொல்லியிருந்தார்கள். சாரின் முகத்தைப் பார்த்துவிட்டு, வந்த வழியே பைக்கைத் திருப்பினான்.

கம்பியை வெட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. அவர் பேசியது ஏற்கெனவே அங்கே பதிவாகியிருந்தது. "இங்க வந்துடு, மாடி பூராவும் சும்மா கெடக்கு" என்ற அளவுக்கு மட்டும் வெட்டி, ஜிஜோ அதைக் குடும்ப வாட்ஸப்பில் போட்டான். ஷைனி, லீலாமணியின் அண்ணன் மகனுடைய நம்பரைத் தேடிப் பிடித்து அவனுக்கும் அனுப்பினாள். வீடு ஒழுகியபோது எட்டிப் பார்க்காதவன், குடும்ப மானம் போயிற்று என்று மறுவாரமே ஒற்றப்பாலத்திலிருந்து வண்டி பிடித்து வந்து அவளைத் தன்னோடு கூட்டிப்போனான். சார் மழையில் நனைந்துகொண்டு அவள் வீட்டுக்குப் போனபோது கதவில் பூட்டுத் தொங்கியது.

கிறிஸ்துமஸுக்கு ஜிஜோவும் ஷைனியும் சேர்ந்து வந்தார்கள். சூசம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அதுதான் முதல் தடவை. அன்பாகத்தான் நடந்துகொண்டார்கள். மீன் வறுத்தார்கள், அப்பாவுக்குப் புதுச் சட்டை வாங்கினார்கள். ஏழாம் நாள் மல்லப்பள்ளிப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப்போய், கொஞ்ச நாளைக்கு இங்கே இருந்தால் உடம்பு தேறும் என்றார்கள். சார் சண்டை போடவில்லை. கையெழுத்துப் போடும்போது மட்டும், "வீட்ல நான் விழுந்துடுவேன்னு பயந்தீங்க, இல்லையா?" என்று கேட்டார். ஷைனி அழுதாள். ஜிஜோ சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான்.

மாசி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள் அனூப் அந்த இல்லத்துக்கு வந்தான். எங்கெங்கோ விசாரித்து லீலாமணியின் நம்பரைக் கொண்டு வந்திருந்தான். தானே போட்டு சாரின் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றான்.

"லீலாமணி, நான் கோசி."

மறுபக்கம் யாரோ டி.வி. சத்தத்தைக் குறைத்தார்கள். பிறகு அவள், பக்கத்தில் ஆள் இருக்கும்போது பேசுகிற குரலில், "சாரே, பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்றாள்.

சாருக்குப் புரிந்தது. இங்கேயும் பக்கத்துக் கட்டில்களில் இரண்டு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"சாப்பிடறேன். உனக்கு அங்க கூரை ஒழுகலயே?"

"இல்ல. இது காங்கிரீட்டு."

"சரி" என்றார் சார்.

அவர் ஃபோனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அவளும் வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரோ ஆண்குரலில் யார் என்று கேட்டார்கள். பழைய பேஷண்ட் என்று அவள் சொன்னது இவருக்குத் தெளிவாகக் கேட்டது.