படியில் உட்கார்ந்திருந்த பெண்

தம்பி ஒரு பெரிய ஊருக்குப் பிழைக்கப் போய், வெளியூர்க்காரர்களுக்கு அதைத் தெருத்தெருவாகச் சுற்றிக்காட்டும் வழிகாட்டியானான். அக்காவுக்கு அதில் ஏகப் பெருமை. பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஒருவழியாகக் கிளம்பி அவனிடம் வந்து சேர்ந்தாள்.

"எல்லாரும் பாக்கறதையே காட்டி ஏமாத்தாதேடா. ஒருத்தருக்கும் தெரியாத இடமா காட்டு."

காட்டினான். கடிகாரம் பழுதுபார்க்கும் சந்தில் ஒருக்களித்துத்தான் நடக்க முடிந்தது. சாயப் பட்டறைகளின் பின்பக்கச் சுவரெல்லாம் நீலம் வழிந்து கிடந்தது. பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் மாடி ஜன்னலைக் காட்டி, ஓடிப்போன மனைவிக்காக ஒரு கிழவர் சாகும்வரை அங்கே விளக்கேற்றி வைத்ததாக உருகி உருகிச் சொன்னான். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"நிஜமாடா?"

"கிழவரும் இல்ல, விளக்கும் இல்ல. டீக்கடையில உக்காந்து நாங்களே கட்டிவிட்டதுக்கா. வெறும் ஜன்னலைக் காட்டினா யாரு நிப்பா? ஒருத்தன் கதை கட்டினா எல்லாரும் அதையே சொல்லுவோம்."

அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புளுகுமூட்டை!" என்று அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அக்கா கால்வாய்ப் பக்கம் திரும்பியபோதுதான் தம்பி குறுக்கே வந்து மறித்தான். "அங்க ஒண்ணுமில்லக்கா. ஒரே நாத்தம்." ஒன்றுமில்லாத இடத்தில் எதற்கு அவ்வளவு கூட்டம்? அக்காவா கேட்பாள்? விறுவிறுவென்று போய் நின்றாள்.

பாசி பிடித்த படிக்கட்டு. தம்பியோடு வேலை பார்க்கும் வழிகாட்டிப் பெண் ஒருத்தி அங்கே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"கல்யாணம் பண்ணிக்கிறேன்னு சொன்னவனை நம்பி ஒரு பொண்ணு வீட்டை விட்டு வந்துட்டா. வழியில பை ஜிப் பிஞ்சுபோச்சு. தலையில இருந்த பச்சை ரிப்பனை அவுத்து அதைக் கட்டிக்கிட்டு இந்தப் படியிலதான் உக்காந்திருந்தா. அவன் வரவே இல்ல. தண்ணியில குதிச்சுட்டா."

அது அக்காவின் பை, அக்காவின் ரிப்பன். கால்வாய்க்குப் பதில் சொந்த ஊர் பஸ் நிலையம், அவ்வளவுதான். அன்றைக்குத் தேடி வந்து வீட்டுக்குக் கூட்டிப்போனவன் இந்தத் தம்பி. தோழி வீட்டில் இருந்தாள் என்று அப்பாவிடம் சாதித்தவனும் இவனே. உயிர் போனாலும் வாய் திறக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தான். கட்டியவருக்குக்கூட இன்றுவரை தெரியாது. இந்த ஒருத்தனை அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

"பேரைச் சொல்லலையேக்கா," என்று தம்பி முணுமுணுத்தான்.

"என்னை எதுக்குடா சாகடிச்ச?"

"அவ நல்லபடியா வீடு திரும்பிட்டான்னு சொன்னா கூட்டம் கலைஞ்சிடுமேக்கா."

பாவி, அதையும் கூசாமல் சொன்னான். கூட்டத்தில் ஒருத்தி அந்தப் படியைத் தடவிப் பார்த்தாள். இன்னொருவன் அதில் உட்கார்ந்து, இளித்துக்கொண்டே படம் எடுத்துக்கொண்டான்.

"அம்மா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க," என்றாள் வழிகாட்டிப் பெண். "அந்தப் பொண்ணு உக்காந்த படி மறையுது."

அக்கா நகரவில்லை. "அவ சாகலம்மா. அவ தம்பி வந்து வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்."

"அப்படியா! இது எங்களுக்கே தெரியாதே. அந்தத் தம்பி இப்ப எங்க இருக்காரு?"

அக்கா திரும்பிப் பார்த்தாள். தம்பி தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவன்தாம்மா செத்துட்டான்," என்றாள்.