இரண்டு பாதி விரிப்பு

தொக்சாம் கடைசியாகக் கேட்டது ஆம்பியர் அளக்கும் மீட்டரின் சிவப்பு ஒயரைப் பற்றித்தான்.

"யோங்தே அம்மா, முட்டைக்கோசைக் கட்ட அதை எடுத்துட்டியா?"

"உங்க மூக்குக்கண்ணாடியையும் சேர்த்து உப்புல ஊறப்போட்டிருக்கேன், போய்த் தேடுங்க" என்றாள் அவர் மனைவி இப்புன்.

சிரித்துக்கொண்டே முள்ளங்கிக் கிம்ச்சி ஊறுகாயில் இன்னொரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சந்து முனையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் பிறகு எழுந்திருக்கவில்லை.

கொரியாவின் தேகு நகரத்தில் மின்சாதனம் பழுதுபார்க்கும் கடை ஒன்றை இருபத்திரண்டு வருடம் இருவருமாக நடத்தினார்கள். கம்பி சுற்றுவது அவர், கணக்கு அவளுடையது. வோல்ட்டையும் ஆம்பியரையும் அவர் உரக்கச் சொல்வார், அவள் பதில் சொல்வாள். வாட், ஓம் என்று அவர்கள் சொல்வது அபூர்வம். இரண்டையும் பெருக்கினால் வரும் வாட் அவர்களுக்குச் சூடு, வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் வரும் ஓம் முரண்டு. மின்சாரத்துக்கு வழிவிடாத கம்பியை 'முரண்டு பிடிக்குது' என்பார் தொக்சாம். பிறகு அவளைப் பார்த்து, "இது எத்தனை ஓம்னுதான் எனக்கு இன்னும் தெரியலை" என்பார்.

அடுத்த பனிக்காலத்தில் தெருவுக்கு அறிவிப்பு வந்தது. நூற்றிப்பத்து வோல்ட் மாதக் கடைசியோடு நின்றுவிடும். இனி இருநூற்றிருபது மட்டுமே. இருநூற்றிருபதை நூற்றிப்பத்தாகக் குறைக்க வீட்டில் இருந்த ஒரே டிரான்ஸ்பார்மர் குளிர்பெட்டிக்கே சரியாகப் போயிற்று. இப்புனின் கவலையெல்லாம் படுக்கையில் போடும் மின்சாரச் சூட்டு விரிப்பைப் பற்றித்தான். அவள் முதுகுவலிக்காகத் தொக்சாம் தன் கையால் கம்பி வைத்துத் தைத்தது, நூற்றிப்பத்துக்கென்று. ஆளுக்கொரு பாதி, பாதிக்கொரு ஸ்விட்ச். அவர் போனபின் அவர் பக்கத்து ஸ்விட்சை அவள் தொட்டதில்லை.

தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கச் சொன்னாள் பக்கத்து வீட்டுக்காரி கும்நியே. அவள் தன் வீட்டு விரிப்பை நேராக இருநூற்றிருபதில் சொருகிப் பார்த்தவள்.

"ரெண்டு மடங்குதானே, சீக்கிரம் சுடும்னு நினைச்சேன். எங்க வீட்டுக்காரர் பேண்ட்டுல ஓட்டை."

"வோல்ட் ரெண்டு மடங்கானா ஆம்பியரும் ரெண்டு மடங்காகும். பெருக்கிப் பாரு, சூடு நாலு மடங்கு."

"நாலா? அதான் அந்த மனுஷன் அப்படிக் குதிச்சாரு."

அன்று மதியம் இப்புன் மீட்டரை எடுத்துத் தன் பாதியை அளந்தாள். ஒன்றேகால் ஆம்பியர். நூற்றிப்பத்தை அதால் வகுத்தாள்: எண்பத்தெட்டு ஓம். பெருக்கினாள்: நூற்று முப்பத்தேழரை வாட். அவர் பாதியை அளக்க ஸ்விட்சைப் போட வேண்டியிருந்தது. சற்று நேரம் கை போகவில்லை. போட்டதும் அங்கேயும் அதே ஒன்றேகால்.

இரண்டு பாதியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிட்டால் முரண்டு நூற்றெழுபத்தாறு ஓம் ஆகும். இருநூற்றிருபதை அது தாங்கும். விரிப்பு பிழைத்துவிடும். ஆனால் அப்புறம் தனித்தனி ஸ்விட்ச் கிடையாது. ஒரு பாதியை அணைத்தால் மற்றதும் அணைந்துவிடும்.

பென்சிலைக் கீழே வைத்தாள். தேநீர் ஆறிப்போனது. பிறகு அவர் பக்கத்து ஸ்விட்சைக் கழற்றிவிட்டுக் கம்பிகளைத் தானே ஈயத்தால் பற்றவைத்தாள். அவர் வைப்பதைப் போல வழவழப்பாக வரவில்லை, கட்டிகட்டியாக வந்தது.

பழைய லைன் நின்ற அன்று பார்க்க வந்த கும்நியே விரிப்பின் இரண்டு பக்கமும் கைவைத்துப் பார்த்தாள்.

"ஆளில்லாத பக்கத்துக்கு எதுக்கு இந்தச் சூடு?"

"அது சுடலைன்னா எனக்கும் சுடாது" என்றாள் இப்புன்.

கும்நியே போனபின் இப்புன் மீட்டரை வைத்துப் பார்த்தாள். இரண்டு பாதியிலும் அதே ஒன்றேகால் ஆம்பியர்.