நாலு பேருக்கும் பிடித்த ஐரோப்பா

எங்கள் சாமாவில் ஒரு விதி உண்டு. சாமா என்றால் மாதாமாதம் பணம் போட்டுச் சேர்க்கும் குழு. கென்யாவில் எங்கள் ஊர் கிதுங்குரியில் நாலு பெண்கள் சேர்ந்து டீ குடித்தாலே ஒரு சாமா ஆரம்பமாகிவிடும். எங்களுடையதும் நாலே பேர்தான். சேர்ந்த பணத்தில் கை வைக்க வேண்டுமானால் நாலு பேரும் சரி சொல்ல வேண்டும். ஒருத்தி மாட்டேன் என்றாலும் அதோடு சரி. அந்த விதியைக் கொண்டுவந்தவளே நான்தான். அந்த வருடம் முழுக்க என் வாயை நானே திட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் பணம் இதுவரை மழைநீர்த் தொட்டியாகியிருக்கிறது, கூரைத் தகடாகியிருக்கிறது, மாடாகியிருக்கிறது, பிள்ளைகளின் படிப்பாகியிருக்கிறது. எங்களுக்கென்று ஒரு தடவையும் எதுவும் ஆனதில்லை. நாலு பேரும் ஐம்பதைத் தொடுகிற வருடம் அது. ஐரோப்பாவுக்குப் போவோம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

என் பெயர் நியாகியோ. மத்தாட்டு என்கிற சின்ன பஸ்கள் நிற்கிற இடத்துக்கு எதிரே ஆணி, பெயின்ட், தகரம் விற்கிற கடை என்னுடையது. கடையைப் பூட்டிவிட்டு நான் வெளியூர் போனதெல்லாம் சாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பிள்ளைகளின் ஹாஸ்டலுக்கும்தான். ஒரே ஒரு தடவை, யாரும் சாகாமல், யாருக்கும் காய்ச்சல் வராமல், பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

மற்ற மூவரும் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஊரைச் சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போகிறேன் என்றால் மூவரும் துள்ளிக் குதிப்பார்கள் என்று நினைத்தேன். வங்கேச்சி ரோம் என்றாள். அவள் சர்ச் பாடகர் குழுவின் தலைவி, ரோம் என்று சொல்லாவிட்டால் பாதிரியார் முகத்தில் எப்படி விழிப்பது? சலூன் வைத்திருக்கும் நியாவிரா, வாடிக்கைக்காரிகள் சொன்னதைக் கேட்டுவிட்டு பாரிஸ் என்றாள். பொருளாளர் முரிங்கிக்கு எந்த ஊரும் வேண்டாம். அவளுக்குத் தொழுவம் நிறைய மாடுகளும், நைரோபிக்குப் பக்கத்தில் கிட்டெங்கெலாவில் ஒரு மனை வாங்குகிற எண்ணமும்தான் உலகம்.

நைரோபியில் ஒரு டிராவல் ஏஜென்சிப் பெண்ணைப் பிடித்துத் திட்டத்துக்கு மேல் திட்டம் போட்டேன். ரோம் சேர்த்தால் பாரிஸ் குறைந்தது. இரண்டையும் சேர்த்தால் தினம் ஒரு ஹோட்டல், தினம் பெட்டி கட்டும் வேலை. ஒருத்திக்குப் பிடித்தது இன்னொருத்திக்கு ஆகவில்லை. கடைசியில் முரிங்கி கெடு வைத்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நாலு பேரும் சரி சொல்லாவிட்டால் பணம் மனைக்குப் போய்விடும், பயணப் பேச்சே கூடாது. அன்றிலிருந்து கடையில் யார் ஆணி கேட்டாலும் எனக்கு மண்டைக்குள் ஆணி அடிப்பது போலத்தான் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முரிங்கி வீட்டில். சர்ச் முடிந்து எல்லோரும் வந்தோம். அவள் கீரை போட்டு மசித்த கிழங்கு முக்கிமோவும், சப்பாத்தியும், ஆட்டுக்கறிக் குழம்பும் செய்திருந்தாள். என் புதுத் திட்டத்தை விளக்கினேன்: பாரிஸ், அங்கிருந்து ரயிலில் ரோம்.

நியாவிராதான் முதலில் வாயைத் திறந்தாள். "நாள் முழுக்க நடக்கணுமாமே? சலூன்ல நின்னு நின்னு என் காலு உரல் மாதிரி வீங்கிக் கெடக்கு. லீவுலயும் நிக்கணுமாடி?"

"பாரிஸ் கேட்டதே நீதானடி!"

"கேட்டேன். அங்க இவ்வளவு படி இருக்குன்னு எவளும் சொல்லலையே."

முரிங்கி குழம்புக் கரண்டியோடு வந்து நின்றாள். "சரி, பாரிஸ்ல எனக்கு என்ன இருக்கு? இரும்புக் கோபுரம். இரும்பு பாக்கணும்னா உன் கடைக்கு வந்துட்டுப் போறேன். போக்குவரத்துச் செலவும் மிச்சம்."

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அன்று அங்கேகூட நிற்கவில்லை. தட்டை நகர்த்தி வைத்தேன்.

"நீ உன் மாட்டு வாலைப் பிடிச்சிக்கிட்டே கெட! மாட்டைத் தவிர வேற எதுவும் உன் கண்ணுக்குத் தெரியாது. மாடு பாக்கணும்னாகூட மனுஷி டென்மார்க்தான் போவா, கிட்டெங்கெலா போக மாட்டா!"

முரிங்கி கரண்டியை அந்தரத்திலேயே நிறுத்தினாள். பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு, பள்ளிக்கூடக் குரலில் ஆரம்பித்தாள்.

"டென்மார்க்கில் பால் பண்ணைத் தொழில் சிறந்து விளங்கக் காரணங்கள். ஒன்று, குளிர்ந்த ஈரமான தட்பவெப்பம். இரண்டு, சமமான நிலம்..."

"மூன்று, விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்கள்!" என்று நானும் வங்கேச்சியும் ஒரே குரலில் கத்தினோம்.

"நான்கு, அருகிலேயே சந்தை!" என்றாள் நியாவிரா.

எங்கள் பூகோள சார் அப்படி ஏற்றியிருந்தார் மண்டையில். கென்யாவில் எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவளை உலுக்கினாலும் இது கொட்டும். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த ஐரோப்பா ஒன்று எங்கள் எல்லோரிடமும் இருந்தது. அதில் பாரிஸும் கிடையாது, ரோமும் கிடையாது.

"அந்தக் கூட்டுறவுச் சங்கத்தை ஒரு நாள் நேர்ல பாக்கணும்டி," என்றாள் முரிங்கி, கரண்டியை இறக்கிவிட்டு. அவள் குரலே மாறியிருந்தது. "நம்ம சங்கத்துல பால் ஊத்தி ஊத்தி நான் கெழவி ஆயிட்டேன். அவங்க எப்படி நடத்துறாங்கன்னு பாக்க வேண்டாமா?"

எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. வங்கேச்சி பக்கம் திரும்பினேன். "ஏய், நெதர்லாந்து சொல்லு!"

"கடலை அணை கட்டி மறித்து, நீரை வெளியே இறைத்து, நிலத்தை மீட்டார்கள்," என்று மூச்சு விடாமல் சொன்னாள். பிறகு சொந்தக் குரலில் கேட்டாள், "அது நெஜமாவாடி இருக்கும்? என் தோட்டத்துல ஒரு சின்ன ஆறு, மழைக்கு மழை என் கீரையை அடிச்சிட்டுப் போவுது. என்னால அதையே நிறுத்த முடியல. அவங்க எப்படிக் கடலை நிறுத்துனாங்க?"

"ரோம் வேண்டாமா?"

"பாதிரியாருக்கு வேணும்னா அவரே போகட்டும்!"

"நியாவிரா, நீ?"

"ரைன் நதி," என்றாள் அவள், வீங்கிய காலை நாற்காலி மேல் தூக்கிப் போட்டுக்கொண்டு. "கப்பல் போவுமில்ல? ரோட்டர்டாம்லேர்ந்து ஏறினா, தொழிற்சாலை, கோட்டை, திராட்சைத் தோட்டம் எல்லாம் தானா நகர்ந்து வரும். நான் உக்காந்தே பாப்பேன். எனக்கு அதுதான் சொர்க்கம்."

மேஜையில் ஒரு சப்பாத்தியை வைத்தேன்: டென்மார்க். அதன் கீழே இன்னொன்று: நெதர்லாந்து. அங்கிருந்து குழம்பில் விரலைத் தொட்டுத் தெற்கே ஒரு கோடு இழுத்தேன்: ரைன். எங்கும் திரும்பி வர வேண்டியதில்லை, குறுக்கே ஓட வேண்டியதில்லை. தினம் பெட்டி கட்டும் வேலையும் கிடையாது. ஏஜென்சிப் பெண் மாதக்கணக்கில் கொடுக்க முடியாத வழி முரிங்கியின் மேஜைத் துணியில் கிடந்தது. துணி கெட்டதற்கு அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை.

உடனே ஏஜென்சிப் பெண்ணுக்குப் போன் போட்டேன். கமிஷன் வேண்டுமே, ஞாயிற்றுக்கிழமையும் எடுத்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவளுக்குச் சிரிப்பு.

"மேடம், பாரிஸ் இல்லாம யாரும் ஐரோப்பா போறதில்ல மேடம்."

முரிங்கி போனைப் பிடுங்கினாள். "அப்ப நாங்கதான் மொதல் ஆளுங்க. டிக்கெட் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லும்மா."

இருந்தது. கோபன்ஹேகனுக்கு விமானம். அங்கிருந்து பண்ணைக்கு, பிறகு நெதர்லாந்துக்கு. ரோட்டர்டாமில் ஏறினால் கப்பல் சுவிட்சர்லாந்தின் பாசல் வரை போகும். இறங்கி அப்படியே ஜூரிச் விமான நிலையம், அங்கிருந்து நேரே வீடு. நான் எதிர்பார்த்ததைவிடச் செலவும் குறைவு.

"கையைத் தூக்குங்கடி!" என்றேன். என் கை எப்போதோ மேலே போயிருந்தது. வங்கேச்சி தூக்கினாள். நியாவிரா இரண்டு கைகளையும் தூக்கினாள். முரிங்கி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நான் ஒத்துக்க மாட்டேன்."

எனக்கு உயிரே போய்விட்டது. "உனக்குத்தானடி டென்மார்க் வச்சிருக்கு! இன்னும் என்ன வேணும் உனக்கு? அந்த மனையை நீயே கட்டிக்கிட்டு அழு!"

"கத்தாத. டென்மார்க் எனக்கு. கடல் அணை வங்கேச்சிக்கு. கப்பல் இவளுக்கு. உனக்கு எங்கடி?"

"எனக்கு எங்கனாலும் சரி."

"எங்கனாலும்னு ஒரு ஊர் எந்த மேப்புலயும் இல்ல. நாலு பேருக்கும் சரியா இருக்கணும்னு விதி போட்டவ நீ. மூணு பேருக்குத்தான் இருக்கு. செல்லாது."

ஊர் முழுக்க என்ன வேண்டும் என்று கேட்டு அலைந்தவள், ஒருத்தியிடம் மட்டும் கேட்கவே இல்லை. என்னிடம்.

நியாவிரா பேச்சை மாற்றப் பார்த்தாள். "பாசல்னா சுவிட்சர்லாந்துதான? சும்மா எறங்கிக் கெளம்புற ஊரா அது? சுவிட்சர்லாந்தில் சுற்றுலாத் தொழில் வளரக் காரணங்கள்..."

"ஒன்று!" என்று வங்கேச்சி எடுத்துக் கொடுத்தாள். முரிங்கியும் சேர்ந்துகொண்டாள். மூவரும் விரல் மடக்கி, மேஜையைத் தட்டி, காரணம் காரணமாகச் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முரிங்கி பாதியிலேயே நிறுத்திவிட்டாள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் சொல்லல?"

"எனக்குத் தெரியாது."

"டென்மார்க்குக்கு அந்தக் கத்து கத்தின?"

"டென்மார்க் மூணாவது படிவத்துல," என்றேன். "சுவிட்சர்லாந்து நாலாவது படிவத்துல, பள்ளிக்கூடத்துக் கடைசி வருஷம். நான் நாலாவதுக்கு வரவே இல்லையேடி. அப்பா செத்து, நான் கடையில உக்காந்துட்டேன். நீங்க அந்தப் பாடம் படிச்சப்ப நான் இங்க தகரம் அளந்து குடுத்துக்கிட்டிருந்தேன்."

முப்பது வருடத்துக்கு மேலாக இவர்களோடு சாப்பிட்டு, சிரித்து, சண்டை போட்டிருக்கிறேன். இதை ஒரு தடவையும் சொன்னதில்லை. சொன்னால் அழுவேன் என்று தெரியும். இப்போது சொன்னேன், அழுதேன். ஆனால் வெட்கமாக இல்லை. எனக்கு எங்கே போக வேண்டும் என்று அந்த நிமிடத்தில் பளிச்சென்று தெரிந்துவிட்டது.

"ஏஜென்சிக்காரிகிட்ட சொல்லுங்க. பாசல்ல எறங்கி உடனே ஓட வேண்டாம். மலைக்குப் போவோம். அங்க தங்குவோம். சுவிட்சர்லாந்து எனக்கு."

வங்கேச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் நாற்காலியை இழுத்தாள். "அது ரொம்ப சுலபம்டி, நான் சொல்லித் தரேன். மொதல் காரணம் வந்து..."

"வாயை மூடு!" என்று மேஜையை ஒரு தட்டுத் தட்டினேன். குழம்புக் கிண்ணமே குதித்தது. "எவளும் எனக்குச் சொல்லித் தரக் கூடாது. மலை மேல ஏறி, என் கண்ணால பாத்து, என்ன காரணம்னு நானே சொல்றேன். நீங்க மூணு பேரும் உக்காந்து மார்க் போடுங்க!"

முரிங்கி குழம்பு வழிகிற கரண்டியோடு கையைத் தூக்கினாள்.