ஓமென்று ஒரு தீர்மானம்

மங்கையற்கரசி பிரதேச சபைக்குப் போனது ஒரேயொரு வாக்குறுதியைச் சொல்லித்தான். வவுணதீவுப் பக்கம் அவளுடைய ஊர். ஊரை ஒட்டிக் கிடக்கும் நீரை எழுத்தில் வாவி என்பார்கள். ஊருக்கு அது ஆறு. அந்த ஆற்றங்கரைக் கண்டல் காட்டில் வெளிநாட்டுக் கம்பனியொன்று இறால் பண்ணை போடப்போகிறது, தோணிகள் இறங்கும் துறை அடைபடப் போகிறது என்று கதை பரவியிருந்த நேரம் அது. முன்பள்ளி ஆசிரியையான அவள் வீடுவீடாகப் போய், சபையில் நமக்கென்று ஒரு ஆள் இருந்தால் கம்பனிக்காரன் எப்படி உள்ளே வருவான் என்று கேட்டாள். ஊர் நம்பியது. அவளும்தான் நம்பினாள்.

மீனவர் சங்கத் தலைவர் இளையதம்பி இல்லாவிட்டால் அவள் வென்றிருக்க மாட்டாள். மகன் நிதுர்ஷனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறிக்கொண்டு வயல் வட்டைகளுக்குள்ளே வேலை செய்கிறவர்கள் வரைக்கும் தேடிப்போய் வாக்குக் கேட்டவர் அவர். இரத்த உறவு இல்லை. ஆனாலும் அவருக்கு அவள் தங்கச்சி, அவருடைய மகனுக்கு மாமி.

பண்ணை வேண்டாம் என்ற பிரேரணையை அவள் சபையில் வைத்த அன்று, கீரியும் பாம்புமாக இருந்த கட்சிகள் எல்லாம் ஒன்றாகக் கை உயர்த்தின. ஏகமனதான தீர்மானம். துறையில் வெடி கொளுத்தினார்கள். யாரோ ஒரு கோர்வை மீனைக் கொண்டுவந்து பெயர்கூடச் சொல்லாமல் அவளுடைய வாசலில் தொங்கவிட்டுப் போனார்கள்.

மாதம் முடியுமுன் பெக்கோ இயந்திரம் வந்து கண்டல் மரங்களைச் சாய்க்கத் தொடங்கியது. மங்கையற்கரசி தீர்மானத்தின் பிரதியோடு அதன் முன்னால் போய் நின்றாள். கம்பனியின் பொறியியலாளன் மரியாதையான பிள்ளை. இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவள் நீட்டியதை முழுவதும் வாசித்தான். காணி கொழும்பிலிருந்து குத்தகைக்குக் கிடைத்தது, சபையிடம் நாங்கள் எதையும் கேட்கவில்லையே என்றான். அவள் வீட்டுக்குப் போய்ச் சேருமுன்னே பெக்கோவின் சத்தம் மறுபடியும் கேட்டது.

இளையதம்பியும் அவளும் கொழும்புக்குப் போனார்கள். அலைந்து திரிந்து கடைசியில் ஒரு மேலதிகாரியின் அறைக்குள் நுழைந்தார்கள். பதியுதீன் என்று பெயர், காத்தான்குடி ஆள். சொந்தப் பக்கத்து மனிதர்கள் என்றதும் தேநீர் வரவழைத்தார், ஒளிக்காமல் பேசினார். ஒப்பந்தம் போன அரசாங்கம் போட்டது. இந்த அரசாங்கத்துக்கும் அது பிடிக்கவில்லை, ஆனால் கைவைக்க ஏலாது. ரத்துச் செய்தால் கம்பனி வேறொரு நாட்டில் இருக்கிற நடுவர் மன்றத்துக்குப் போய் நட்டஈடு கேட்கும். கடன் கட்ட முடியாமல் வங்குரோத்தான நாடு, கடன் தந்தவர்கள் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருக்கிறார்கள். கம்பனியும் ஒருவனுடையதல்ல. அதற்குப் பின்னால் ஒரு நிதியம், நிதியத்துக்குப் பின்னால் ஏதோ குளிர்நாட்டில் வயோதிபத்துக்கென்று சேமிக்கிற ஆயிரக்கணக்கான சனம்.

இளையதம்பி தேநீரைத் தொடவில்லை. "அப்ப நாங்க ஆரைத்தான் தோக்கடிக்கிற, தம்பி?"

பதியுதீன் தன் கோப்பையைத் தள்ளிவைத்தார். "நீங்க தோக்கடிக்க ஏலுமான ஆக்களையெல்லாம் ஏற்கெனவே தோக்கடிச்சிட்டீங்க அண்ணன். மிச்சமிருக்கிற ஆக்கள் எலக்சனில நிக்கிறல்ல."

வெறுங்கையோடு இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள்.

துறையைச் சுற்றி முட்கம்பி வேலி வந்தது. அடுத்த ஊருக்குப் போய்த்தான் தோணி இறக்க வேண்டியிருந்தது. அங்குள்ளவர்களோடு தினமும் சண்டை. ஒருநாள் விடிகாலையில் நாலைந்து பொடியன்கள் வேலியை வெட்டிச் சரித்தார்கள். பொலிஸ் பிடித்தவர்களில் நிதுர்ஷனும் ஒருவன். விளக்கமறியல் சிறையில் போட்டார்கள். கத்தாருக்குப் போகவென்று அவனுக்கு விசா வந்திருந்தது. வழக்கு இழுபட்டால் அதுவும் போய்விடும்.

அந்த நேரத்தில்தான் கம்பனியிலிருந்து கஜானி வந்தாள். தன்னாமுனைப் பெண், படித்து முடித்த கையோடு வேலையில் சேர்ந்தவள். வெளிநாட்டுச் சந்தையில் இறாலை வாங்குகிறவர்கள் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றாள். அந்த ஊர்ச் சனத்தின் பிரதிநிதிகள் சம்மதித்தார்கள் என்பதற்கு அத்தாட்சி வேண்டுமாம். சபை பழைய தீர்மானத்தை மாற்றினால் கம்பனி பொடியன்கள்மேல் கொடுத்த முறைப்பாட்டை வாபஸ் வாங்கும்.

"நாங்க வேணாமெண்டு சொன்னதுக்கு ஒரு பெறுமதியும் இருக்கல்ல," என்றாள் மங்கையற்கரசி. "ஓமெண்டா மட்டும் எப்பிடிப் பெறுமதி வந்த?"

கஜானிக்கு முகம் சுருங்கிவிட்டது. தனக்குத் தெரியாது, சொல்லச் சொன்னதைத்தான் சொல்கிறேன் என்றாள். மங்கையற்கரசி அவளைத் திருப்பி அனுப்பினாள்.

மறுநாள் இளையதம்பி வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசல் கடப்படியிலேயே வேலிக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற உறுப்பினர்கள் எல்லாரும் சம்மதித்துவிட்டார்கள், ஆனால் பிரேரணை கொண்டுவந்தவளே அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சபைத் தவிசாளர் சொல்கிறாராம்.

"துறை என்னாகிற அண்ணே?" என்று கேட்டாள்.

"துறை போயிற்று, தங்கச்சி. என்ட மகன் இன்னும் போகல்ல."

சபை கூடியது. அவளே எழுந்து பிரேரணையை வாசித்தாள். தெருவிளக்குப் பேச்சுக்கு எடுத்த நேரம்கூட இதற்கு எடுக்கவில்லை. இந்த முறையும் ஏகமனது. அவளை யாரும் மிரட்டவில்லை, கழுத்தில் கத்தி வைக்கவில்லை. தன்மையாகக் கேட்டார்கள், அவள் சம்மதித்தாள். ஒரு குறையும் சொல்ல முடியாதபடி எல்லாம் முறையாகவே நடந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கூட்டம் கலைந்த பிறகும் எழும்ப மனமில்லாமல் கதிரையிலேயே இருந்தாள்.

பொடியன்கள் வெளியே வந்தார்கள். ஊரில் பேச்சு வேறுமாதிரிப் போனது. கம்பனியிடம் காசு வாங்கிவிட்டாள் என்றார்கள். முன்பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்புவதைச் சிலர் நிறுத்தினார்கள். தான் போய்க் கேட்டதை இளையதம்பி ஒருவரிடமும் சொல்லவில்லை.

கத்தாருக்குப் போகுமுன் நிதுர்ஷன் அவள் வீட்டுக்கு வந்தான். பயணம் சொல்லத்தான் வருகிறான் என்று நினைத்து, கதிரையை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை. பின்னால் இளையதம்பி தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

"மறியலுக்குள்ள கிடந்து நாங்க ஒருத்தரும் கம்பனிக்கு ஓமெண்டு சொல்லல்ல மாமி. நீங்க ஏன் சொன்ன?"

அவள் இளையதம்பியைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காத்திருந்தாள். அவர் றோட்டில் போகிற உழவு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும்தானே கை தூக்கின, மனே," என்றாள் கடைசியில்.

"நாங்க எல்லாருக்கும் வோட்டுப் போடல்ல. உங்களுக்குத்தான் போட்ட."

அவன் இறங்கி நடந்தான். இளையதம்பி அவள் இழுத்துப் போட்ட கதிரையைத் தூக்கி ஓரமாக வைத்தார். பிறகு மகனுக்குப் பின்னால் போனார்.