காலரில் மஞ்சள்

வைஷாலிக்குப் பத்து மணிக்கு நேர்காணல், தஞ்சோங் பகாரில் ஒரு கப்பல் கம்பெனியில். எட்டு மணிக்கு ஈசூன் வீட்டில் அலமாரியைக் கட்டில்மேல் கொட்டிவிட்டு, போட ஒன்றுமில்லை என்று உட்கார்ந்திருந்தாள். உண்மையிலேயே ஒன்றுமில்லைதான். தேக்காவில் புடவைக் கடையில் பகுதிநேர வேலை பார்க்கிறவளிடம் சுடிதார் இருக்கும், கடைப் பெயர் போட்ட டீ-சட்டை இருக்கும். கோட்டு எங்கிருந்து வரும்? வெள்ளைச் சட்டை ஒன்று இருந்தது, அதுவும் அக்குளில் பழுத்துப் போயிருந்தது.

கோட்டு பக்கத்து அறையில் தொங்கியது. அண்ணி கவிப்ரியாவுடையது. வெளிர் சாம்பல் நிறம், விலைச்சீட்டுகூடக் கழற்றாத புதுசு.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பாள். ஆனால் கேட்கிற வாயை வைஷாலி போன வாரமே கெடுத்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் எல்லார் முன்னாலும், "ஊர்லேருந்து வர்றவங்களுக்குத்தான் இங்க ஈஸியா வேலை கிடைக்குது லா" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். திருச்சியிலிருந்து கடல் தாண்டி வந்து இங்கே வங்கியில் கணினி வேலை பார்க்கும் கவிப்ரியா, தலை நிமிராமல் சாப்பிட்டு எழுந்து போனாள். அண்ணன் நிதீஷ் முறைத்தான். அம்மா கமலம் ரசத்தைக் கலக்கிக்கொண்டிருந்தாள். கமலத்துக்கு மருமகள்மேல் கோபம் ஒன்றும் கிடையாது. மகன் தானாகப் பார்த்துக்கொண்ட பெண், அவ்வளவுதான்.

அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். வைஷாலி கோட்டை எடுத்தாள். விலைச்சீட்டைக் கோட்டின் கைக்குள் மடித்துவிட்டுக்கொண்டாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தியது, பாவி மகளுக்கு.

கமலம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "புதுசா? அழகா இருக்குடி. எப்ப வாங்கின?"

"நேத்து."

"மஞ்சள் வெச்சியா?"

"அதெல்லாம் வேணாம்மா, ஆபீஸுக்குப் போறேன்."

"உள்பக்கந்தான் லா. யார் பார்க்கப் போறா?"

பள்ளிச் சீருடைக்குக்கூட மஞ்சள் வைத்த கை அது. வைஷாலி விலகுவதற்குள் ஈர மஞ்சள் தோய்ந்த விரல் காலரின் உள்ளே, பிடரிக்கு நேராகப் பதிந்துவிட்டது. "நல்லபடியா கிடைக்கணும்," என்றாள் கமலம். அந்தக் குரலில் இருந்த பெருமையைக் கேட்டதும் வைஷாலிக்கு அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது.

தஞ்சோங் பகார் கட்டடத்துக் கழிப்பறையில் கோட்டைக் கழற்றிச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள். சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது வீட்டில் ஒரு தட்டாவது கழுவுகிறவளுக்குத் தெரிந்திருக்கும். கறை ரத்தம்போல் சிவந்தது. பதறித் தண்ணீர் விட்டாள். திரும்பவும் மஞ்சளாகி, முன்னைவிடப் பரந்து நின்றது. அந்த ஈரக் காலரோடு உள்ளே போனாள்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார்கள். தன்னைப் பற்றி அந்த நேரத்தில் அவளுக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அதைச் சொல்ல முடியாது. என்னவோ உளறிவிட்டு வந்தாள்.

வேலை கிடைக்கவில்லை. அதுகூட அவளுக்குப் பெரிதாகப் படவில்லை. கோட்டை இருந்த இடத்திலேயே மாட்டியாகிவிட்டது. ஆனாலும் அண்ணி அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து கூடத்துக்குப் போய்விடுவாள். கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவிடலாம் என்று தினமும் காலையில் நினைப்பாள். அண்ணி சிரித்தபடி எதிரே வருவாள், இவள் வேறு பேச்சை எடுத்துவிடுவாள்.

அடுத்த வாரம் ஒருநாள் காலை, கவிப்ரியா அந்தக் கோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். வைஷாலி ரொட்டியைக் கீழே வைத்தாள். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தபோது பயத்தைவிட நிம்மதிதான் முதலில் வந்தது.

"அத்தை, காலர்ல மஞ்சள் இருக்கு. நீங்களா வெச்சீங்க?"

கமலம் கோட்டைப் பார்த்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். வைஷாலியின் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது.

"ஆமாம்மா," என்றாள் கமலம்.

"இன்னிக்கு எனக்கு ப்ரோமோஷன் இன்டர்வியூன்னு அவர் சொன்னாரா?" கவிப்ரியாவின் கண் கலங்கியது. "ஊர்ல எங்கம்மா வெப்பாங்க. இங்க வந்து மூணு தீபாவளிக்கும் நானேதான் வெச்சுக்கிட்டேன், அத்தை."

குனிந்து மாமியாரின் காலைத் தொட்டாள். கமலத்தின் கால் தானாகப் பின்னுக்குப் போனது. கவிப்ரியா அதைக் கவனிக்கவில்லை. கோட்டைப் போட்டுக்கொண்டு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு அடுத்த இன்டர்வியூ வந்தா இதையே போட்டுக்கோ, வைஷு. அத்தை மஞ்சள் வெச்சது. ராசியா இருக்கும்."

அவள் போன பிறகு வைஷாலிக்குத் தலை தூக்க முடியவில்லை. திட்டினாலும் தேவலை, அம்மா திட்டவும் இல்லை.

"சாயந்திரம் அண்ணி வந்ததும் சொல்லிடறேன்மா. நான்தான் எடுத்தேன்னு."

"சொல்லு," என்றாள் கமலம். அவள் இன்னும் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்குன்னு யாரும் மஞ்சள் வெக்கலையான்னு அவ கேப்பா. அதுக்கு என்ன சொல்லுவ?"