அரைச் சுத்து

மெக்கானிக் சோணைமுத்து கொண்டுவந்த மாலை சந்தேகப்படும் அளவுக்குப் பெரியதாக இருந்தது. அப்பா முப்பது வருடம் வேலை பார்த்த பம்ப்செட் கடையின் முதலாளி போட்ட மாலையே அதற்குப் பக்கத்தில் கையில் கட்டும் பூச்சரம் மாதிரித் தெரிந்தது. ஐஸ் பெட்டியின் மேல் அதை வைத்துவிட்டு, சோணைமுத்து அப்பாவின் முகத்தை இரண்டு விநாடி பார்த்தார். பிறகு திரும்பி, பந்தலுக்கு வெளியே வேப்பமரத்தை ஒட்டி நின்ற காரை இரண்டு நிமிடம் பார்த்தார்.

சத்யப்ரியா அதைக் கவனித்தாள். அவள் சென்னையில் மோட்டார் இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் கிளெய்ம் பிரிவில் இருக்கிறாள். சந்தேகப்படுவதற்கு மாதச் சம்பளம் வாங்குகிறவள். ஆளை விட வண்டியை அதிக நேரம் பார்க்கிறவர்களை அவளுக்குத் தொழில்முறையாகவே தெரியும்.

நடந்தது இவ்வளவுதான். நேற்றுக் காலை அப்பா வழக்கம்போல் திருமங்கலத்திலிருந்து மதுரைக்குக் கடைக்குக் கிளம்பினார். கப்பலூர் தாண்டி ரோட்டோரம் வண்டி நின்றது. பானட் திறந்திருந்தது. அப்பா முன் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பைக்கில் போன யாரோ பார்த்து 108-க்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் ஹார்ட் அட்டாக் என்றார்கள்.

ரோட்டோரம், சித்திரை வெயில், திறந்த பானட். வண்டி சூடாகி நின்றிருக்கிறது, இந்த மனிதர் அந்த வெயிலில் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார் என்பதில் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதற்கு முந்தின நாள்தான் சோணைமுத்து பட்டறையில் அந்த வண்டிக்குப் புது ரேடியேட்டரும், கியர் ஆயிலுக்குத் தனியாக ஒரு கூலரும் மாட்டியிருந்தார்கள்.

"கிளட்ச்சையே காணோம்த்தா" என்று காதருகே குனிந்தார் ராஜபாண்டி சித்தப்பா. வண்டியை மீட்டுவரப் போனவர் அவர்தான். ஓட்டத் தெரியாமல் ரெக்கவரி வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். "மூணு பெடல் இருக்கணும்ல? ரெண்டுதேன் இருக்கு. அந்தச் சோணைமுத்துப் பய ஒண்ணக் கழட்டிட்டான்."

"அது ஆட்டோமேட்டிக் சித்தப்பா. வாங்குனதுலருந்தே ரெண்டுதான். அப்பாவுக்கு இடது முட்டி முடியாதுல்ல."

"இருவது வருசமாவா?"

"இருவது வருசமா."

சித்தப்பா யோசித்தார். "அப்ப வித்தவனே ஏமாத்திருக்கான்" என்றார்.

சத்யப்ரியா பெண்கள் வட்டத்துக்குள் போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்தாள். அம்மா அழுது முடித்திருந்தாள். ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. நேற்றுவரை குளிர்ச்சியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த மனிதருக்குக் கடைசியில் கிடைத்திருப்பதும் அதுவே. பொங்கலுக்கு வந்தபோது அவள் சொன்னாள்: "அப்பா, அது டோட்டல் லாஸ். எடைக்குப் போட்டுட்டு வேற வண்டி எடுங்க." அவர் சிரித்தார். "சூட்டுலதேன் எல்லாம் கெடுது பாப்பா. குளுமையா வச்சுக்கிட்டா இன்னும் பத்து வருசம் ஓடும்." வண்டியைப் பற்றித்தான் சொன்னார்.

"ஏன்டி" என்றாள் அம்மா, பெட்டியைப் பார்த்தபடியே. "நேத்து உனக்குப் போன் வந்துச்சா?"

"இல்லையே."

"எனக்கு வரல. உனக்காச்சும் போட்ருப்பாருன்னு நெனச்சேன்."

"இல்லம்மா."

மூன்று முறை வந்தது. பத்து நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு, நாற்பத்தாறு. அப்போது அவள் ஒரு கிளெய்மை நிராகரித்துக்கொண்டிருந்தாள். திரையில் அப்பா பெயரைப் பார்த்ததும், நடுரோட்டில் வண்டி நின்றிருக்கும், நான் அப்போதே சொன்னேன் என்று மத்தியானம் சொல்லிக்கொள்ளலாம் என்று போனைக் கவிழ்த்து வைத்தாள். எனவே வண்டி பழுதாகி நின்றிருக்கத்தான் வேண்டும். நிற்காமல் இருந்தால் அவர் எதற்குக் கூப்பிட்டார் என்பதற்கு வேறு ஒரே காரணம்தான் மிஞ்சுகிறது.

அவள் எழுந்தாள்.

"எங்கத்தா போற? இம்புட்டுச் சனம் வருது" என்றாள் ஓர் அத்தை.

"பாத்ரூம்" என்றாள்.

காருக்கு அந்தப் பக்கம் சோணைமுத்து ஏற்கனவே இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் கன்னம் படக் குனிந்து, வண்டிக்கு அடியில் செல்போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே தேடுறீங்க?"

அவர் தலை பம்பரில் இடித்தது. "செருப்புப் பாப்பா. இங்கிட்டுத்தேன் விட்டேன்."

இரண்டு செருப்பும் அவர் காலில் இருந்தன. இருவரும் அவற்றைப் பார்த்தார்கள்.

"ஒழுகுதான்னு பாக்குறீங்க."

சோணைமுத்து எழுந்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "ராத்திரி பூராத் தூங்கல பாப்பா. நாந்தேன் சொல்லி விட்டேன். புதுசா மாட்டிருக்கு, பத்துக் கிலோமீட்டர் ஓடுனதும் ஓரங்கட்டிப் பானட்டத் தூக்கி ஹோஸ் முனையில கசியுதான்னு பாருங்கண்ணேன்னு. கிளாம்ப்ப ஒழுங்கா முறுக்குனேனா இல்லையான்னு எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு."

"தெறங்க" என்றாள்.

பானட் திறந்தது. பழைய எஞ்சினுக்கு முன்னால் புது அலுமினிய ரேடியேட்டர், தாத்தாவுக்குப் பல்செட் கட்டிய மாதிரி பளபளத்தது. அதற்கு முன்னால் கியர் ஆயிலுக்கான கூலர், கோனார் நோட்ஸ் அளவில் ஒன்று.

"எதுக்குண்ணே இது ரெண்டு?"

"பழசுல கியர் ஆயிலும் அந்த ரேடியேட்டருக்குள்ள புகுந்துதேன் ஆறும். உள்ள ஓட்ட விழுந்துச்சுன்னா தண்ணியும் ஆயிலும் கலந்து ரோஸ்மில்க்காட்டம் ஆயிரும். அப்புறம் கியர்பாக்ஸத் தூக்கிக் கெணத்துலதேன் போடணும். அதேன் தனியாப் பிரிச்சு விட்டேன்."

அவள் ரேடியேட்டர் மூடியைத் திருகினாள். ரோஸ்மில்க் இருக்க வேண்டும் என்று விரும்பினாள். ஒரு கிளெய்மில்கூட அவள் எதையும் இவ்வளவு விரும்பியதில்லை. பச்சைக் கூலன்ட், விளிம்புவரை, பாசி இல்லாத குளம் மாதிரி நின்றது. கியர் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி அவர் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பு. கருகல் வாசனை இல்லை.

"ஸ்டார்ட் பண்ணுங்க. ஏசியப் போட்டு விடுங்க."

"சாவு வீட்டுலயா பாப்பா?"

"பண்ணுங்கண்ணே."

எஞ்சின் முதல் திருப்பிலேயே எழுந்தது. பந்தலில் தலைகள் திரும்பின. "சோதன பண்றாக, சோதன பண்றாக" என்று சித்தப்பா எல்லோருக்கும் விளக்கினார். "கிளட்ச்சு எங்க போச்சுன்னு."

மணி பன்னிரண்டரை. மர நிழல் வண்டியை விட்டு விலகியிருந்தது. டிரைவர் சீட்டில் அவள் உட்கார, ஜன்னலில் கையூன்றி சோணைமுத்து குனிய, இருவரும் சூடு காட்டும் முள்ளைப் பார்த்தார்கள். ஏறக் கூடாது என்று ஒருவர். ஏற வேண்டும் என்று ஒருத்தி. முள் மெல்ல எழுந்து பாதிக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. முன்னால் ஃபேன் சுழன்றது, நின்றது, மறுபடி சுழன்றது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். அப்பா இருபது வருடமாக ஓட்டிய, பம்ப்செட் கடை வாடை மாறாத அந்த வண்டிக்குள் ஏசி ஜில்லென்று வீசியது.

"வண்டில ஏதாச்சும்னா அப்பா யாருக்குண்ணே மொதல்ல அடிப்பாரு?"

"எனக்குத்தேன். சைலன்சர்ல சின்னச் சத்தம்னாலும் ஆறு மணிக்கே அடிச்சுருவாரு."

"நேத்து அடிச்சாரா?"

"இல்ல பாப்பா."

அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "எனக்கு மூணு தடவ அடிச்சாரு. எடுக்கல. வண்டிதான் மக்கர் பண்ணிருக்கும்னு."

முள் அதே இடத்தில் இருந்தது. இருபது நிமிடம் ஆகியிருந்தது. இரவெல்லாம் தூங்காதவரின் முகத்தில் நியாயமாக வர வேண்டிய நிம்மதி வந்துவிட்டது. அதை அவள் பார்த்தாள். அதை அவள் பார்ப்பதை அவரும் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு முன்பக்கம் போனார்.

"பாப்பா, அமத்திட்டு இங்கிட்டு வா."

எஞ்சினை நிறுத்திவிட்டு வந்தாள். சட்டைப் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, மேல் ஹோஸின் கிளாம்ப்பில் வைத்திருந்தார். சாவுக்கு மாலையோடு ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்தா, இதேன். லூசா இருக்கு பாரு. சூடேறி அழுத்தம் வந்தா மட்டும் லேசா ஆவி விட்ருக்கும். அண்ணன் பயந்து நிறுத்திருப்பாரு. எனக்கு அடிச்சா நான் சங்கடப்படுவேன்னு உனக்கு அடிச்சுருப்பாரு. என் தப்புத்தேன்."

"ஒழுகலையேண்ணே. இருவது நிமிசம் ஓடுச்சே."

"ஓடுறப்பதேன் காட்டும். நிக்கிறப்பக் காட்டாது." ஸ்க்ரூ டிரைவரைத் திருகில் அழுத்தினார். "அரைச் சுத்து லூசு பாப்பா. என் கைத் தப்பு. யாரு கேட்டாலும் அப்டியே சொல்லு. ஒங்க அம்மா கேட்டாலும் சொல்லு."

பந்தலிலிருந்து சங்கு ஒலித்தது. சித்தப்பா தூரத்திலிருந்து கையை ஆட்டிக் கூப்பிட்டார், நீர்மாலைச் சடங்குக்கு நேரமாகிவிட்டது.

சோணைமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு முறுக்கினார். வாரத்துக்கு நாற்பது பொய்களைப் படித்துக் கையெழுத்துப் போடுகிற சத்யப்ரியா, கிளாம்ப்புக்கு மிக அருகில் குனிந்து பார்த்தாள். ஸ்க்ரூ டிரைவர் அவர் உள்ளங்கைக்குள் வழுக்கிச் சுற்றியது. திருகு அசையவில்லை.

"அரைச் சுத்து" என்றார் அவர்.

"ஆமாண்ணே" என்றாள் அவள்.